வில்லேஜ் வான்கார்டில் ஒரு திங்கள் இரவு

நியூயார்க்கில் ஜாஸ் கேட்க எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வில்லேஜ் வான்கார்ட், அதுவும் திங்கட்கிழமை. செவன்த் அவென்யூ சவுத்தில் குறுகலான படி இறங்கினால் முக்கோணமாக ஒரு பேஸ்மென்ட். 1935-லிருந்து நடக்கிற இடம். 123 பேர் உட்காரலாம், அவ்வளவுதான். அந்தச் சின்ன மேடையில் 16 பேர் ஏறுகிறார்கள். 1966-ல் டிரம்பெட் வாசிக்கும் தாட் ஜோன்ஸும் டிரம்மர் மெல் லூயிஸும் தொடங்கிய பிக் பேண்ட், அதாவது பெரிய ஜாஸ் வாத்தியக் குழு அது. இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், திங்கள் இரவு மட்டும் இன்னும் அந்தக் குழுவுக்குத்தான்.

மேசையில் இரண்டு கிளாஸ் வைத்தால் இடம் முடிந்தது. முழங்கையை மடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. டிரம்பெட்டும் டிராம்போனுமாக எட்டு வாத்தியங்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரே மூச்சில் எழும்போது, கோயில் மண்டபத்தில் தவிலுக்கு முன்னால் நிற்கிற மாதிரி, சத்தம் நெஞ்சில் வந்து விழுகிறது. பெரிய அரங்கில் எவ்வளவு கொடுத்தாலும் இது கிடைக்காது.

நான் பழக்கதோஷத்தில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டி உட்கார்ந்திருந்த பெரியவர் கவனித்துவிட்டார். கைதட்டலுக்கு நடுவே, "என்ன எண்ணுறீங்க?" என்றார். ஆதி தாளம், ஒரு சுற்றுக்கு எட்டு அட்சரம் (எண்ணிக்கை) என்று தட்டும் விரலும் வீச்சுமாகப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் யோசித்தார். "அப்போ எங்க ரெண்டு பார், உங்களுக்கு ஒரு சுத்து!" அவர்கள் பார் என்பது நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு அளவு, அதனால் சரியான கணக்கு. 32 பார் உள்ள பாட்டு நமக்கு 16 ஆவர்த்தனம், அதாவது 16 சுற்று. மெட்டு நான்கு, அதுவே மறுபடி நான்கு, வேறு மெட்டு நான்கு, திரும்பப் பழைய மெட்டு நான்கு. அடுத்த பாட்டுக்கு இருவரும் சேர்ந்தே போட்டோம். எட்டு ஆவர்த்தனம் முடிந்து மெட்டு மாறிய இடத்தில் என்னை இடித்து ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள்!

பிறகு டிரம்ஸ் தனி. நம் சபாவாக இருந்தால் பாதிப் பேர் கேன்டீனுக்குக் கிளம்பியிருப்பார்கள். இங்கே யாரும் அசையவில்லை. (1961 ஜூனில் இதே அறையில் பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் குழு செய்த பதிவில் கிளாஸ் சத்தமும் பேச்சுக் குரலும் தாராளமாகக் கேட்கும். கூட்டம் அப்புறம் திருந்தியிருக்கிறது.) பெரியவர் என் காதருகே, "டிரம்மரை விடுங்க, பாஸ் வாசிக்கிறவர் வாயைப் பாருங்க" என்றார். பாஸ் என்கிற அந்தப் பெரிய தந்தி வாத்தியக்காரர் வில்லும் விரலும் ஓய்ந்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். நம்மூரில் பாடகரே கையால் தாளம் போட்டு அரங்குக்கே கணக்கைக் காட்டிவிடுவார். இங்கே அது இப்படி ஒளிந்து நடக்கிறது.

போகிறவர்கள் டிக்கெட் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சீட் நம்பர் கிடையாது, கதவு திறக்கிற நேரத்துக்கே போனால் முன்வரிசை கிடைக்கும். சாப்பாடும் கிடையாது. ஒரு டிரிங்க் கட்டாயம் வாங்க வேண்டும், மது குடிக்காதவர்களுக்கு சோடா போதும். போன் வெளியே எடுத்தால் உடனே வந்து சொல்வார்கள். 8 மணிக் கச்சேரி முடிந்ததும் 10 மணிக் கூட்டத்துக்காக அறையைக் காலி செய்கிறார்கள். பெரியவரிடம் அதற்கும் டிக்கெட் இருந்தது.