ஆம்புல்லா கட்டி: என்டோஸ்கோபியா, விப்பிள் ஆபரேஷனா? முடிவெடுத்தவர்கள் சொல்லுங்கள்

சேலத்திலிருந்து ஒரு மகள்:

அப்பாவுக்குக் காமாலை வந்தது, தானே குறைந்தது, மறுபடி ஏறியது. தெருவில் ஆளாளுக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துக் களிமண் நிறம், சிறுநீர் அடர்மஞ்சள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தம் இறங்கும் வழி அடைபட்டிருக்கலாம். பச்சிலையை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

ஸ்கேனில் பித்தநாளம் வீங்கியிருந்தது, கல் இல்லை. பக்கவாட்டில் பார்க்கும் என்டோஸ்கோப்பை விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பித்தநாளமும் கணையநாளமும் சிறுகுடலில் வந்து திறக்கும் வாசலிலேயே கட்டி. அந்த வாசலைத்தான் ஆம்புல்லா என்கிறார்கள். பயாப்ஸியில் அடினோமா, அதாவது பின்னால் புற்றாக மாறக்கூடிய கட்டி, இப்போது புற்று இல்லை என்று வந்தது.

வீட்டில் இரண்டு கட்சி. அண்ணன், விப்பிள் என்ற பெரிய வயிற்று ஆபரேஷனை மனதில் வைத்து, "ஒரேயடியா வெட்டி எடுத்துட்டா நிம்மதி" என்றான். அம்மா, "வயித்தக் கிழிக்க வேண்டாம்" என்று அழுதார். இரண்டுமே பயத்தில் வந்த பேச்சு. குடல் டாக்டர்தான் பொறுமையாக விளக்கினார். கட்டி எவ்வளவு பெரியது, நாளத்துக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது, புற்று இருக்கிறதா, இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது என்றார். ஐரோப்பிய என்டோஸ்கோபி சங்கத்தின் 2021 வழிகாட்டுதலையும் எடுத்துக் காட்டினார். நாளத்துக்குள் ஏறாத அடினோமாவுக்கு என்டோஸ்கோபி. 4 செ.மீ.க்கு மேல் போனாலோ, நாளத்துக்குள் 20 மி.மீ.க்கு மேல் ஏறியிருந்தாலோ ஆபரேஷனை யோசிக்க வேண்டும்.

என்டோ அல்ட்ராசவுண்டும் (ஸ்கோப்பின் நுனியிலிருந்தே எடுக்கும் ஸ்கேன்) எம்.ஆர்.சி.பி.யும் (நாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுத்தோம். கட்டி 2 செ.மீ.க்குள், நாளங்கள் சுத்தம். அதனால் என்டோஸ்கோபி வழியாகக் கண்ணி போட்டு முழுசாக அறுத்தெடுத்தார்கள். கணையம் வீங்காமலிருக்கக் கணையநாளத்தில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தார்கள். வைத்தும் கணைய அழற்சி வந்தது. வயிற்றுவலியில் அப்பா துடித்துப்போனார். கத்தி படவில்லை என்பதால் சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ரத்தக்கசிவு, குடலில் ஓட்டை விழுவது எல்லாம் இதிலும் உண்டு. முழுக்கட்டியின் ரிப்போர்ட்டில் ஓரங்கள் சுத்தமாக வந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

கோவையிலிருந்து ஒரு மருமகன்:

சகோதரி, எங்கள் மாமாவுக்கும் பயாப்ஸியில் அடினோமா என்றுதான் வந்தது. எடுத்த கட்டியை முழுதாகச் சோதித்தபோது உள்ளே புற்று. பயாப்ஸி ஊசிமுனை அளவு மேல்தோலைத்தான் கிள்ளுகிறது, அடியில் இருப்பது அதற்குத் தெரியாமல் போகலாம். என்டோஸ்கோபி வீண் என்று சொல்ல மாட்டேன். உண்மையைக் காட்டியதே அதுதான்.

கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, விப்பிள் எதற்கு என்று கேட்டோம். புற்று ஆரம்பநிலையில் இருந்தாலும் நிணநீர்க்கட்டிகளுக்குப் போயிருக்கலாம், அவற்றை என்டோஸ்கோப்பால் எடுக்க முடியாது என்றார் சர்ஜன். (1935இல் விப்பிள் இந்த ஆபரேஷனைப் பற்றி எழுதியதே ஆம்புல்லா புற்றுக்காகத்தானாம்.) கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி எல்லாம் போய்விடும். மாமாவுக்குக் கணைய இணைப்பில் கசிவு ஏற்பட்டு டியூபோடு நெடுநாள் படுத்திருந்தார். இப்போது சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை, சர்க்கரைக்கு மருந்து. ஆனாலும் பேரனைத் தானே பள்ளியில் விட்டுவிட்டு வருகிறார்.

சர்ஜனிடம் ஒன்றைத் தயங்காமல் கேளுங்கள்: வருஷத்துக்கு எத்தனை விப்பிள் செய்கிறீர்கள்? அடிக்கடி செய்யும் இடங்களில் உயிரிழப்பு 5 சதவீதத்துக்குள். எப்போதாவது செய்யும் இடத்தில் அப்படிச் சொல்ல முடியாது. வீட்டுக்குப் பக்கம் என்று பார்க்காதீர்கள்.

மதுரையிலிருந்து ஒரு சகோதரர்:

எனக்கு எஃப்.ஏ.பி. என்ற பரம்பரைப் பாலிப் நோய், குடலில் சிறு கட்டிகள் நிறைய முளைக்கும். பெருங்குடலை எடுத்த பிறகும் ஆம்புல்லாவில் அடினோமா வந்தது, என்டோஸ்கோபியில் எடுத்தார்கள். திரும்பவும் முளைக்கக்கூடியது இது. முதல் 3 மாதத்துக்குள், பிறகு 6, 12 மாதங்களில், அதன்பின் வருஷாவருஷம் குறைந்தது 5 வருஷத்துக்கு ஸ்கோப் பார்க்க வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு ஆயுள் முழுக்க. அந்தச் செலவையும் அலைச்சலையும் ஏற்க முடியுமா என்பதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள். சேலம் சகோதரி, ஆம்புல்லாவில் அடினோமா வந்தவர்களுக்குப் பெருங்குடலிலும் பாலிப் இருக்கலாம், அப்பாவுக்குப் பெருங்குடல் ஸ்கோப்பும் பார்த்தார்களா? பார்க்கவில்லையென்றால் அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.