மேலத்தெரு குரூப், செங்கோட்டை: கேரளா சலான் வந்தா என்ன செய்ய?

செல்வி அக்கா, காலை 7:42
வீட்டுக்காரர் போனுக்கு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. கேரளாவுல ஹெல்மெட் போடலன்னு 500 ரூவா அபராதமாம். கீழ "ஆர்டிஓ சலான்"னு ஒரு ஃபைல். போன வாரம் ஆரியங்காவு தாண்டிப் போனது என்னமோ நெசந்தான். தொறக்கலாமா?

ஹனீபா மொபைல்ஸ், 7:44
தொறக்காதீங்கக்கா. ஃபைல் பேரு ஏபிகே-ன்னு முடியுதா? முடிஞ்சா அது ரசீது இல்ல, ஆப். எந்த அரசாங்கமும் அபராதத்தை ஆப்பா அனுப்பாது.

செல்வி அக்கா, 7:45
ஏபிகே தான். எல்லாரும் பாக்க இங்க போடட்டா?

ஹனீபா மொபைல்ஸ், 7:45
ஐயோ வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போடுங்க.

சுப்பையா மாமா, 7:51
கேரளா ரோட்டுல ஹெல்மெட் போடாதவங்களப் பிடிக்கிற கேமரா உண்மையிலயே இருக்குல்லா. நெச அபராதமா இருந்து கட்டாம விட்டா?

முருகன் ஆட்டோ, 7:55
இருக்கு மாமா. 2023 ஜூன்ல இருந்து கேரளா பூரா 726 கேமரா. ஹெல்மெட்டுக்கு அங்க 500, நம்ம பக்கம் 1000. திருட்டுப்பய தொகையக்கூட சரியாத்தான் போடுதான். தினம் பாதிப் பேரு புனலூர் பக்கம் போய்ட்டு வாரோம், அதான் நம்ம ஊர்ல இது எடுபடுது. சேலத்துக்காரனுக்கு அனுப்பினா சிரிச்சிட்டுப் போயிருவான்.

ஹனீபா மொபைல்ஸ், 8:03
நெசமான்னு பாக்க ஒரே வழிதான். வந்த லிங்கைத் தொடாம, நீங்களே குரோம்ல "இசலான் டாட் பரிவாஹன் டாட் கவ் டாட் இன்" அடிக்கணும். கூகுள்ல தேடிப் போனா மேல விளம்பரமா போலி சைட்டும் வரலாம். உள்ள போய் வண்டி நம்பர், சேசிஸ் நம்பர்ல கடைசி 5 எழுத்து (ஆர்சி புக்ல இருக்கும்), அந்தக் கோணல்மாணல் எழுத்து, அவ்வளவுதான். நெச சலான்னா அதுல வந்து நிக்கும். ஒண்ணும் வரலன்னா மெசேஜை ரிப்போர்ட் பண்ணி பிளாக் பண்ணுங்க.

ராமலட்சுமி டீச்சர், 8:06
எஸ்எம்எஸ் ஆக வந்தால் அனுப்பியவர் பெயரின் கடைசியைப் பாருங்கள். அரசு என்றால் கோடு போட்டு 'ஜி' இருக்கும். விளம்பரத்துக்கு 'பி'. 2025-இல் இருந்து இப்படித்தான். பத்து இலக்க சாதா நம்பரில் இருந்து வந்தால் படிக்கவே வேண்டாம்.

பேச்சியம்மா அத்தை, 8:20
ஏ ஹனீபா, எங்க மருமவன் போன்ல நேத்தே அத ஏத்திட்டான்யா. ஐக்கானையே காணோம்.

ஹனீபா மொபைல்ஸ், 8:21
அத்தை, இப்பவே ஏரோபிளேன் மோட் போடச் சொல்லுங்க. சிம்மக் கழத்தி ஒரு பட்டன் போன்ல போடுங்க. அந்த ஆப்போட வேலையே எஸ்எம்எஸ் படிச்சு ஓடிபிய அவனுக்கு அனுப்புறதுதான். பட்டன் போன்ல ஓடிபி வந்தா அதால தொட முடியாது.

ஹனீபா மொபைல்ஸ், 8:24
அடுத்து, வேற போன்ல இருந்து பேங்குக்கு. நம்பரை ஏடிஎம் கார்டு பின்னாடி பாத்து அடிங்க, கூகுள்ல தேடாதீங்க. யுபிஐ, நெட் பேங்கிங், கார்டு மூணையும் நிறுத்தச் சொல்லணும். காசு போயிருந்தா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு அடிங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்லுதோமோ அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த கணக்குலயே முடங்க வாய்ப்பு. வந்த மெசேஜை அழிச்சிராதீங்க, புகாருக்கு வேணும்.

ஹனீபா மொபைல்ஸ், 8:26
ஐக்கான் இல்லன்னாலும் செட்டிங்ஸ், ஆப்ஸ் லிஸ்ட்ல கெடக்கும். அன்இன்ஸ்டால் ஆகலன்னா "டிவைஸ் அட்மின்"லயும் "ஆக்சஸிபிலிட்டி"லயும் அதுக்குக் கொடுத்த அனுமதியை எடுத்துட்டு அப்புறம் தூக்கணும். அதுக்கும் மசியலன்னா போட்டோவ மட்டும் காப்பி எடுத்துட்டு ஃபேக்டரி ரீசெட். வாட்ஸ்அப்ல "லிங்க்டு டிவைசஸ்"ல தெரியாதது இருந்தா லாகவுட். கடைக்குக் கொண்டாங்க, பாத்துக்கலாம்.

முருகன் ஆட்டோ, 8:31
அத்தை மருமவன் வாட்ஸ்அப்ல இருந்து நமக்கும் அதே ஃபைல் வரும், உஷாரு. தெரிஞ்ச பேரு பாத்துத்தான் எல்லாரும் ஏமாறுதாங்க.

ஹனீபா மொபைல்ஸ், 8:33
ஃபைல் டவுன்லோட் ஆனதுக்கே பயப்பட வேண்டாம், இன்ஸ்டால் ஆனாத்தான் வெனை. செட்டிங்ஸ்ல "இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்"னு தேடி வாட்ஸ்அப், குரோம் ரெண்டுக்கும் ஆஃப் பண்ணி வைங்க. வீட்டுப் பெரியவங்க போன்ல மொத வேலையா இத.

சுப்பையா மாமா, 8:40
முன்னால போலீஸ்காரர் கைகாட்டுவாரு, நின்னு பேசி அனுப்பிச்சிருவாரு. இப்ப மெஷின் பிடிக்கி, மெஷினு பேர்ல இன்னொருத்தன் பிடிக்கான்.

முருகன் ஆட்டோ, 8:42
பேசி அனுப்புனாரா, வாங்கிட்டு அனுப்புனாரா மாமா 😀 கேமராவுக்கு 50 ரூவா நீட்ட முடியாதுல்லா. நான் கேமரா பக்கம்தான்.

ராமலட்சுமி டீச்சர், 8:45
கேமரா தவறல்ல. அபராதத்தை இங்கிலீஷிலேயே அனுப்பினால் யார் படிப்பது? படிக்க முடியாததால்தான் "உள்ளே என்ன" என்று தொடுகிறார்கள். தமிழ்நாட்டு வண்டிக்குத் தமிழில் அனுப்ப இவர்களுக்கு என்ன கஷ்டம்?

சுப்பையா மாமா, 8:52
அது நியாயம். ஆமா, என் பழைய ஸ்கூட்டர தென்மலைக்காரருக்கு வித்தேன், பேரு மாத்தல. அவரு சலான் எனக்கு வருமோ?

முருகன் ஆட்டோ, 8:54
வரும். ஆர்சில யாரு பேரோ, எந்த போன் நம்பரோ அங்கதான் போவும். வேற மாநிலத்துக்கு வித்தா மொதல்ல ஃபார்ம் 28, தடையில்லாச் சான்று. அப்புறம் பேரு மாத்த ஃபார்ம் 29, 30. வித்தவரு 45 நாளுக்குள்ள ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லணும். தாண்டிருச்சோ?

சுப்பையா மாமா, 8:55
தாண்டி வருசமாச்சு.

முருகன் ஆட்டோ, 8:55
சரிதான். சாயங்காலம் ஆர்சி ஜெராக்ஸோட ஸ்டாண்டுக்கு வாங்க, மொதல்ல சலான் ஏதும் நிக்கான்னு பாப்போம்.