புதுப்பிப்பு: ஈசிஆர் டிரிப் போய்விட்டு வந்தேன்

முன்கதை தெரியாதவர்களுக்கு: சென்னை சோழிங்கநல்லூரில் வேலை. டீமோடு ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ரிசார்ட் டிரிப். "ஒரு பெக்தானே, உங்க சர்ச்சுலயே ஒயின் குடுக்குறாங்கல்ல?" என்று ஒரே கிண்டல். குடிக்காத நான் போகவா வேண்டாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். (எங்கள் சபையில் புளிக்காத திராட்சைச் சாறுதான், அதுவும் ஒரு மிடறு. இதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.)

போனேன். "போகவே போகாதே" என்றவர்கள் மன்னிக்கவும்.

இங்கே ஒருவர் பைபிளில் தானியேல் 1ஆம் அதிகாரத்தைப் படிக்கச் சொன்னார். சண்டே ஸ்கூலில் கேட்ட கதைதான், ஆனால் ஒன்றை நான் கவனித்ததே இல்லை. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன தானியேலுக்கு அந்த ஊர்ப் படிப்பு, புதுப் பெயர் எல்லாம் வருகிறது; ராஜாவின் சாப்பாட்டையும் திராட்சரசத்தையும் மட்டும் தொடமாட்டேன் என்று கோடு போடுகிறான். அதுவும் சத்தம் போடாமல். மேலதிகாரி பயந்ததும், கீழே இருந்த விசாரிப்புக்காரனிடம் போய், 10 நாள் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்கிறான்.

நானும் கிளம்பும் முன்பே டீம் லீடிடம் தனியாகப் பேசினேன். "அண்ணா, நான் வர்றேன், ஆனா குடிக்க மாட்டேன்."

"சரிடா, அப்ப வண்டிய நீ ஓட்டு."

அவ்வளவுதான்! இதற்கா ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன்?

ராத்திரி ஒருத்தன் மட்டும் கிளாஸை நீட்டிக்கொண்டே இருந்தான். "நான்தான்டா டிரைவர்" என்று நழுவிவிட்டேன். உண்மைக் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

ஞாயிறு ஆராதனைக்கு வந்து சேர முடியவில்லை. அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.