சதுப்பு வயலில் தண்ணீர் தெளிவு, ஆனால் நெல் கருகுகிறது

கேள்வி:
ஆற்றோரச் சதுப்பில் நெல் வைத்திருக்கிறேன். கடல் ஓதம் (ஏற்றவற்றம்) ஏறும்போது வாய்க்காலில் தண்ணீர் வரும், இறங்கும்போது அதே வழியாகத் திரும்பும். வாய்க்கால் என் வயலோடு முடிந்துவிடுகிறது. முதல் மழைக்கு அப்புறம் கடைமுனையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது, அடியில் கிடக்கும் சருகுகூடத் தெரிகிறது. ஆனால் நெல்லின் கீழ் இலைகள் பழுப்புப் புள்ளி விழுந்து கருகுகின்றன. பிடுங்கினால் வேரெல்லாம் துரு. தண்ணீர்மேல் எண்ணெய் மாதிரி ஒரு படலம் வேறு. போன கோடையில் வடிகாலை நன்றாக ஆழப்படுத்தினேன். சுண்ணாம்பு போட்டால் சரியாகுமா?

பதில் 1:
படலத்தைக் குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்தால் இரும்பு, உடனே மறுபடி கூடிக்கொண்டால்தான் எண்ணெய். அப்படியே தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பிஎச் தாளையும் நனைத்துப் பாருங்கள்.

பதில் 2:
அந்தத் தெளிவுதான் என்னைப் பயமுறுத்துகிறது. புளித்த தண்ணீரில் மண்ணிலிருந்து அலுமினியம் கரையும். அது சேற்றைத் திரட்டி அடியில் இறக்கிவிடும். இதைவிடக் கலங்கிய ஆற்றுநீரே பயிருக்கு நல்லது.

வடிகாலை ஆழப்படுத்தியதுதான் வினை. சதுப்புக் களிமண்ணில் பைரைட் என்ற இரும்புச் சல்பைடு இருக்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை தொந்தரவில்லை. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகும், முதல் மழை அதை வாய்க்காலுக்குக் கொண்டுவரும். நானும் இப்படித் தோண்டி ஒரு போகத்தை முழுசாக இழந்தேன். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

வந்த வழியே போகும் தண்ணீர் கடைமுனையைக் கழுவாது, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். வரத்துக்கு ஒரு வாய்க்கால், போக்குக்கு இன்னொன்று வேண்டும். இரண்டிலும் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கீல் கதவு: வரத்துக் கதவு ஓதம் ஏறும்போது வயல்பக்கம் திறக்கும், போக்குக் கதவு இறங்கும்போது ஆற்றுப்பக்கம் திறக்கும். இந்தோனேசியாவின் கலிமந்தான், சுமத்ரா சதுப்புகளில் இந்த ஒருவழி ஓட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆற்றில் உப்பு ஏறும் நாட்களில் வரத்தை அடைத்துவிடுங்கள்.

போக்கு வாய்க்காலில் பலகை அடுக்கி, கோடையிலும் நீர்மட்டம் பைரைட் அடுக்குக்குக் கீழே போகாமல் பிடியுங்கள். முதல் மழைத் தண்ணீரைத் தேக்காமல் விரட்டிவிட வேண்டும். சுண்ணாம்பு அதற்கு அப்புறம்தான், இப்போது போட்டால் பெரும்பாலும் வீண்.

கேள்வி கேட்டவர்:
படலம் சில்லாகத்தான் உடைந்தது. பிஎச் 3.5, கடும் புளிப்பு. புதுப் போக்கு வாய்க்கால் பக்கத்து வயல் வழியாகத்தான் போயாக வேண்டும், அவரிடம் பேசிவிட்டு வருகிறேன்.

பதில் 2:
பேசும்போது அவர் வயல் வேரையும் ஒன்று பிடுங்கிப் பாருங்கள். அங்கேயும் துரு இருந்தால் அவருக்கும் அந்த வாய்க்கால் தேவைதான்.