48 வீட்டுக்கும் ஒரே பூட்டா?

சனிக்கிழமை, காலை 9:05

சுந்தர் சி3 (செயலாளர்): எல்லோருக்கும் வணக்கம். சிசிடிவி, வாசல் பூட்டு, கேட் செயலி மூன்றையும் ஒரே கம்பெனி போட்டுத் தருவதாகக் கொட்டேஷன் வந்திருக்கிறது. 48 வீட்டுக்கும் மொத்தமாக எடுத்தால் நல்ல தள்ளுபடி. பழைய சாவிப் பூட்டு, கேட் நோட்டு, இன்டர்காம் எதுவும் இனி தேவைப்படாது என்கிறார்கள். நாளைக்குக் கூட்டம், அதற்கு முன் கருத்து சொல்லிவிடுங்கள்.

பிரவீன் டி4: சூப்பர் சார். எல்லாம் ஒரே செயலியில் வந்துவிட்டால் தலைவலியே இல்லை. என் ஓட்டு உண்டு 👍

ரமணி மாமி ஏ1: போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் நான் படிக்கட்டில் உட்கார வேண்டியதுதானா?

பிரவீன் டி4: விரலை வைத்தாலே திறக்கும் மாமி.

ரமணி மாமி ஏ1: ரேஷன் கடை மெஷினே என் விரலை ஏற்பதில்லை. அங்கே மூன்று தரம் துடைத்துத் துடைத்து வைக்கிறேன்.

வித்யா பி4: சார், 48 பூட்டும் ஒரே சர்வரிடம் கேட்டுத்தான் திறக்குமா? அந்த சர்வர் படுத்துவிட்டால் என்ன வழி என்று கொட்டேஷனில் ஏதாவது போட்டிருக்கிறார்களா?

சுந்தர் சி3 (செயலாளர்): பெரிய கம்பெனி அம்மா. அப்படியெல்லாம் ஆகாது என்று சொன்னார்கள்.

வித்யா பி4: கம்பெனி நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவில்லை சார். நல்ல கம்பெனியாக இருந்தால்தான் எல்லோரும் அதையே வாங்குவார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? விமான நிலையங்களில் கம்ப்யூட்டர் எல்லாம் நீலத்திரை காட்டி நின்ற நாள்.

கதிரேசன் டி2: மறக்க முடியுமா? பையன் அன்றைக்குப் பெங்களூர் போக ஏர்போர்ட்டில் நின்றான். போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். இருக்கை எண் 14ஆ 19ஆ என்று அவனுக்கே புரியவில்லை.

வித்யா பி4: அதேதான் அண்ணே. கிரவுட்ஸ்ட்ரைக் என்று ஒரு பாதுகாப்பு மென்பொருள். அந்தத் துறையில் முன்வரிசையில் இருக்கிற பெயர். நம் நேரப்படி காலை 9:39க்கு ஒரு சின்ன கோப்பை அனுப்பினார்கள். தவறு தெரிந்து 10:57க்குத் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்துவிட்டன. எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டர்களிலும் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. ஆனால் அந்த ஒரு சதவீதம் எங்கே இருந்தது? விமானம், வங்கி, ஆஸ்பத்திரி, டிவி நிலையம்.

பிரவீன் டி4: அது வைரஸ் இல்லையே அக்கா. அவர்களே செய்த பிழைதானே?

வித்யா பி4: அதனால்தான் அதைச் சொல்கிறேன் தம்பி. திருடன் வரவே இல்லை, காவல்காரர் தடுக்கி விழுந்ததற்கே அந்தக் கதி. பிழை என்ன தெரியுமா? அந்தக் கோப்பு 21 தகவல் இருக்கும் என்று எதிர்பார்த்தது, மென்பொருள் கொடுத்தது 20. இல்லாத 21ஆவதைத் தேடி நினைவகத்தில் கை வைத்ததும் விண்டோஸ் படுத்துவிட்டது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் ஆகித் திரும்பத் திரும்பப் படுத்தது. தூரத்தில் இருந்தபடி சரி செய்ய வழியில்லாமல், பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஆள் நேரில் போய், சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் முதலில் 48 இலக்க எண் ஒன்றை வேறு அடிக்க வேண்டும். அந்த எண்களைச் சேமித்து வைத்திருந்த சர்வரும் சில இடங்களில் அதே நீலத்திரையில்!

ரமணி மாமி ஏ1: பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டின கதை.

பிரவீன் டி4: 😂😂

பிரவீன் டி4: சரி அக்கா, எதிர்க்கேள்வி. அப்படிப் பார்த்தால் 48 வீட்டுக்கும் 48 கம்பெனிப் பூட்டு வாங்க முடியுமா? யார் பராமரிப்பது, யார் அப்டேட் போடுவது? ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு யாருமே அப்டேட் போடாமல் விட்டால் அதைவிட மோசம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் அப்படித்தானே வந்தது?

வித்யா பி4: சரியான கேள்வி. வான்னாக்ரை தாக்கியது 2017 மே 12. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மார்ச் 14ஆம் தேதியே கொடுத்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகளில் மட்டும் 19,000க்கு மேல் அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டார்கள். அப்டேட் போடாமல் இருங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன்.

சுந்தர் சி3 (செயலாளர்): அப்டேட் போட்டாலும் ஆபத்து, போடாவிட்டாலும் ஆபத்து. நாங்கள் என்னதான் செய்வது 🙏

அஷ்ரப் பாய் பி1: சார், நான் கொஞ்சம் சொல்லட்டுமா? கிளியரிங் தொழிலில் இதை நேரடியாகப் பார்த்தவன். வான்னாக்ரை வந்து ஒன்றரை மாதத்தில் நாட்பெட்யா என்று இன்னொரு வைரஸ் வந்தது, 2017 ஜூன் 27. மெர்ஸ்க் தெரியுமில்லையா, உலகத்திலேயே பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்று. அன்றைக்கு மும்பை பக்கம் நவா ஷேவா துறைமுகத்தில் அவர்கள் டெர்மினல் வேலை முடங்கிவிட்டது. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. லாரிகள் வரிசையில் நின்றுகொண்டே இருந்தன. டிரைவர்கள் போன் போட்டுத் திட்டினார்கள், எங்களுக்கே பதில் தெரியவில்லை.

கதிரேசன் டி2: மெர்ஸ்கை யாராவது குறி வைத்து அடித்தார்களா பாய்?

அஷ்ரப் பாய் பி1: இல்லை அண்ணே. அடி உக்ரைனுக்கு விழுந்தது. அங்கே கணக்கு எழுத, வரி கட்ட எம்.ஈ.டாக் என்று ஒரு மென்பொருளைத்தான் நிறைய கம்பெனிகள் வைத்திருந்தன. நம் ஊரில் கடைக்குக் கடை டேலி இருப்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். அதன் அப்டேட்டுக்குள்ளேயே விஷத்தை வைத்துவிட்டார்கள். ஒடெசாவில் மெர்ஸ்க் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரில் அது இருந்திருக்கிறது. அங்கே நுழைந்தது உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

வித்யா பி4: பாய், அந்தக் கானா கதையையும் சொல்லுங்கள்.

அஷ்ரப் பாய் பி1: நீங்களே சொல்லுங்கம்மா, எனக்குக் கம்ப்யூட்டர் பாஷை வராது.

வித்யா பி4: யார் உள்ளே வரலாம், யார் எதைத் திறக்கலாம் என்கிற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்கள் மெர்ஸ்கில் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாம் ஒன்றையொன்று பார்த்து நகல் எடுத்துக்கொண்டே இருக்கும். தனியாக பேக்கப் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள். 150ம் ஒரே அச்சு, ஒரே நெட்வொர்க். எல்லாம் ஒரே நாளில் அழிந்தன. தேடித் தேடிப் பார்த்ததில் ஒன்றே ஒன்று பிழைத்திருந்தது, ஆப்பிரிக்காவில் கானா அலுவலகத்தில். ஏன் தெரியுமா? தாக்குதல் நடந்த நேரம் அங்கே கரண்ட் கட்.

ரமணி மாமி ஏ1: கரண்ட் கட்டுக்கு நன்றி சொன்ன ஒரே கம்பெனி!

வித்யா பி4: இன்னும் இருக்கிறது மாமி. அங்கே இன்டர்நெட் வேகம் போதாது, அனுப்ப நாளாகும். கானா ஊழியர்களிடம் இங்கிலாந்து விசாவும் இல்லை. ஒருவர் அந்த ஹார்ட் டிஸ்கை நைஜீரியா வரை எடுத்துப்போய் விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் லண்டனுக்குப் பறந்தார். பிறகு பத்தே நாளில் 4,000 சர்வர்களும் 45,000 கம்ப்யூட்டர்களும் புதிதாக நிறுவினோம் என்று மெர்ஸ்க் தலைவரே 2018 ஜனவரியில் டாவோஸில் சொன்னார்.

கதிரேசன் டி2: எங்கள் ஊர்ப் பக்கம் ரஸ்தாளி மட்டுமே போட்டவர்கள் வாடல் நோய் வந்தபோது இப்படித்தான் மொத்தமாக உட்கார்ந்தார்கள். பூவன் கலந்து போட்டவன் கடன் கட்டினான்.

வித்யா பி4: ஒரே ரகத்தை மட்டும் நம்பினால் ஆபத்து என்கிற பேச்சையே விவசாயிகளிடமிருந்துதான் கம்ப்யூட்டர்காரர்கள் எடுத்தார்கள் அண்ணே. 2003லேயே டான் கீர் என்கிற பாதுகாப்பு நிபுணர், எல்லோரும் மைக்ரோசாஃப்டையே நம்பியிருப்பது நாட்டுக்கே ஆபத்து என்று ஆறு பேரோடு சேர்ந்து அறிக்கை எழுதினார். உடனே அவருக்கு வேலை போயிற்று. அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு மைக்ரோசாஃப்ட் வாடிக்கையாளர்.

பிரவீன் டி4: இதெல்லாம் பெரிய கம்பெனிக் கதை அக்கா. நம் அடுக்ககத்தை யார் தாக்கப் போகிறார்கள்?

வித்யா பி4: நம்மைத் தாக்க வேண்டாம் தம்பி. நம் கேமராவை வைத்து வேறு யாரையாவது தாக்குவார்கள். 2016இல் மிராய் என்று ஒரு வைரஸ் வந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கும் அட்மின், 12345 மாதிரி அறுபது சொச்சம் பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள். அவ்வளவுதான் அதன் ஆயுதம். லட்சக்கணக்கான கேமரா, டிவிஆர், ரவுட்டர்களைப் பிடித்துவிட்டது. அக்டோபர் 21ஆம் தேதி அவற்றை ஏவி, இணையதளப் பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் டைன் என்கிற கம்பெனியைத் திணறடித்தார்கள். ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பலருக்குத் திறக்கவில்லை. எழுதியவர்கள் இருபதை ஒட்டிய வயதுப் பையன்கள்.

சுந்தர் சி3 (செயலாளர்): சரி, அப்படியானால் ஏ, பி பிளாக்குக்கு ஒரு பிராண்ட், சி, டி பிளாக்குக்கு வேறு பிராண்ட். முடிந்ததா?

வித்யா பி4: முடியவில்லை சார், அங்கேதான் ஏமாறுவோம். மிராய் பிடித்த கேமராக்களில் பெட்டி மேல் விதவிதமான பெயர். உள்ளே நிறையவற்றில் ஒரே சீனக் கம்பெனியின் போர்டும் மென்பொருளும். சிலவற்றில் பாஸ்வேர்டை மாற்றினாலும் பழையது உள்ளே உயிரோடு இருந்தது. நாம் இரண்டு ஸ்டிக்கருக்குக் காசு கொடுத்துவிட்டு ஒரே பொருளை வாங்கிவிடக் கூடாது. இரண்டு பிராண்டும் ஒரே செயலியில் ஓடுகிறதென்றால் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரவீன் டி4: இது எனக்குப் புதுசு.

வித்யா பி4: சின்ன வங்கிகள் கதையும் அதுதான். 2024 ஜூலை 31 அன்று சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளை யுபிஐ நடத்தும் என்பிசிஐ தற்காலிகமாகத் துண்டித்து வைத்தது. போர்டில் 300 பெயர். பின்னால் தொழில்நுட்பம் செய்து கொடுத்தது ஒரே நிறுவனம், அதில் வான்னாக்ரை மாதிரி பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்துவிட்டது. அந்த வங்கிகளில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்கு யுபிஐ இல்லை.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுந்தர் சி3 (செயலாளர்): மன்னிக்கவும், அது தண்ணீர் லாரிக்காரருக்கு அனுப்ப வேண்டியது.

ரமணி மாமி ஏ1: வித்யா, முடிவாக என்ன செய்யச் சொல்கிறாய்? எனக்குக் குக்கர் கூப்பிடுகிறது.

வித்யா பி4: 48 விதமான பூட்டு வேண்டாம் மாமி, பிரவீன் சொன்னதுபோல அதைப் பராமரிக்க முடியாது. ஒரே கம்பெனியிடமே வாங்கலாம். ஆனால் எல்லாம் சேர்ந்து விழக் கூடாது. பூட்டில் சாவித் துவாரம் இருக்க வேண்டும், இன்டர்நெட் இல்லாமலும் திறக்க வேண்டும். கேமராவும் பூட்டும் வேறு வேறு நெட்வொர்க்கில் போக வேண்டும், ஒரு வீட்டு பாஸ்வேர்டு இன்னொரு வீட்டுக்குப் பொருந்தவே கூடாது. கேட் நோட்டையும் இன்டர்காமையும் எடுக்கவே வேண்டாம், அவற்றால் நமக்குச் செலவா என்ன? அப்புறம் அப்டேட். எந்த அப்டேட்டும் முதலில் ஒரு பிளாக்குக்கு மட்டும். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு. கிரவுட்ஸ்ட்ரைக் அந்தக் கோப்பை அப்படிப் படிப்படியாக அனுப்பியிருந்தால் 85 லட்சத்துக்குப் போயிருக்காது. அதன் பிறகுதான் அப்படிச் செய்ய ஆரம்பித்தார்கள்.

ரமணி மாமி ஏ1: அந்த முதல் பிளாக் ஏ பிளாக் இல்லையே?

பிரவீன் டி4: டி பிளாக்கில் போடுங்கள் மாமி. நான் இருக்கிறேன்.

கதிரேசன் டி2: டேய் தம்பி, நானும் அதே டி பிளாக்கில்தான் இருக்கிறேன் 😄

அஷ்ரப் பாய் பி1: இன்னொன்று சார். அவசரத்துக்கு எல்லோருடைய நம்பரும் இந்தக் குழுவில் மட்டும்தான் இருக்கிறது. 2021 அக்டோபர் 4 ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டா மூன்றும் ஒன்றாகப் போய், விடிய விடியத்தான் வந்தது. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

வித்யா பி4: அன்றைக்கு அவர்கள் ஊழியர்களுடைய அடையாள அட்டைக்கே அலுவலகக் கதவு திறக்கவில்லை என்று செய்தி வந்தது பாய். கதவும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததாம். சுந்தர் சார், நம் கொட்டேஷனுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

சுந்தர் சி3 (செயலாளர்): புரிந்தது. நம்பர் பட்டியலை இன்றே பிரிண்ட் எடுத்து செக்யூரிட்டி மேஜையில் ஒட்டுகிறேன்.

மாலை 6:40

சுந்தர் சி3 (செயலாளர்): கம்பெனிக்காரரிடம் பேசினேன். சாவித் துவாரம் உள்ள மாடல் இருக்கிறதாம், வீட்டுக்கு 900 ரூபாய் கூடும். இன்டர்நெட் இல்லாமல் திறக்குமா என்று கேட்டதற்கு, "விசாரித்துச் சொல்கிறேன் சார்" என்றார்.

கதிரேசன் டி2: விற்கிறவருக்கே தெரியவில்லையா?

சுந்தர் சி3 (செயலாளர்): பிளாக் பிளாக்காக அப்டேட் போட முடியுமா என்று கேட்டதற்கும் அதே பதில். கேமராவுக்கு வேறொருவரிடமும் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். செயலியின் படத்தை அனுப்பச் சொன்னேன், இதோ.

📷 படம்

பிரவீன் டி4: சார், லோகோவும் நிறமும்தான் வேறு. மெனு, பட்டன் எல்லாம் முதல் கம்பெனி செயலியில் இருக்கிறதுபோலவே அச்சு அசலாக இருக்கிறது. இரண்டையும் போனில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அஷ்ரப் பாய் பி1: இரண்டு ஸ்டிக்கர் 😀

சுந்தர் சி3 (செயலாளர்): இருவரையும் நாளை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வித்யா, நீங்களும் இருக்க வேண்டும்.

வித்யா பி4: வருகிறேன் சார். ஆளுக்கு ஒரு கேமரா கொண்டுவரச் சொல்லுங்கள், திறந்து போர்டைப் பார்த்துவிடலாம்.

பிரவீன் டி4: ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது.