அண்ணா பல்கலை 2021 ரெகுலேஷன்: ஹானர்ஸ் 18 கிரெடிட்டை எந்த செமில் வைப்பது?

செம்4_சிஎஸ்இ:
இணைப்புக் கல்லூரி, சிஎஸ்இ. மூன்றாம் செம் வரை சிஜிபிஏ 8.1, அரியர் இல்லை. டேட்டா சயின்ஸில் ஹானர்ஸ் (வழக்கமான பாடங்களுக்கு மேல் 18 கிரெடிட் படித்து வாங்கும் சிறப்புப் பட்டம்) போட எண்ணம். ரெகுலர் புரொஃபஷனல் எலெக்டிவ் (துறைசார் விருப்பப் பாடம்) ஆறையும் அதிலிருந்தே எடுத்துவிட்டால் படிக்கச் சுலபம்தானே? கூடுதல் பேப்பர்களை எப்படிப் பிரிப்பது? பாதியில் விட்டால் படித்தது வீணா?

பாடத்திட்டக்_கிறுக்கன்:
ஆறையும் அதிலேயே எடுத்தால் ஸ்பெஷலைசேஷன் ஹானர்ஸ் கைவிட்டுப் போகும். சிஎஸ்இ டேட்டா சயின்ஸ் வெர்டிக்கலில் (ஒரே பிரிவு எலெக்டிவ்களின் தொகுப்பு) இருப்பதே 8 பேப்பர், தலா 3 கிரெடிட். ஹானர்ஸ் 18 கிரெடிட் என்பது ரெகுலர் ஆறுக்கு மேல் இன்னும் 6 பேப்பர். ஆகவே அந்த வெர்டிக்கலிலிருந்து ரெகுலருக்கு அதிகபட்சம் 2தான் எடுக்கலாம். மூன்றாவதைத் தொட்டால் மிச்சம் 5, அதாவது 15 கிரெடிட். பலரும் 6ஆம் செம் பாதியில்தான் இதைக் கவனிக்கிறார்கள், அதற்குள் எதையும் மாற்ற முடியாது.

ஹானர்ஸில் இரண்டு வகை உண்டு. ஆறும் ஒரே வெர்டிக்கல் என்றால் ஸ்பெஷலைசேஷனோடு ஹானர்ஸ். அதே துறையின் பல வெர்டிக்கல்களைக் கலந்தால் வெறும் ஹானர்ஸ். ஏதாவது ஒரு பேப்பரை நடத்த ஆளில்லை என்று கல்லூரி கைவிரித்தால் இரண்டாவது வகைதான் கதி. அதனால் 5, 6, 7ஆம் செம்களில் எந்தெந்த பேப்பர் நிச்சயம் நடக்கும் என்று ஹெச்ஓடியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வரிசை விதி. வெர்டிக்கல்களைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருக்கும் எலெக்டிவ் அட்டவணையில் ஒரே கிடைவரிசையில் இருக்கும் இரண்டை ஒரே செமில் எடுக்க முடியாது. எக்ஸ்ப்ளோரேட்டரி டேட்டா அனாலிசிஸ், வெப் டெக்னாலஜீஸ், கிளவுட் கம்ப்யூட்டிங் மூன்றும் முதல் வரிசை. ஒன்று 5இலும் மற்றொன்று 6இலும் என்றால் சரி. ஹானர்ஸ் பேப்பருக்கும் இதே விதி. முதலில் ஹானர்ஸ் ஆறையும் செம்வாரியாகக் கட்டத்தில் போட்டுவிட்டு, மீதி வரிசைகளில் ரெகுலரை நிரப்புங்கள். தலைகீழாகச் செய்தால் சிக்கும்.

டைம்டேபிள்_அக்கா:
5, 6, 7ஆம் செம்களுக்கு என் கணக்கு 2 + 1 + 3 ஹானர்ஸ் பேப்பர். சிஎஸ்இ 5ஆம் செம் 20 கிரெடிட், ஹானர்ஸ் இரண்டு சேர்த்தால் 26. ஆறாம் செமில் ஏற்கெனவே நான்கு எலெக்டிவோடு 23, அங்கே ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஏழில் 16தான், மூன்று சேர்த்தாலும் 25.

தம்பி, கிரெடிட்டை மட்டும் பார்க்காதே. டேட்டா சயின்ஸ் பேப்பர்கள் 2-0-2-3 அமைப்பு, வாரம் 2 மணி தியரி, டுட்டோரியல் இல்லை, 2 மணி லேப், 3 கிரெடிட். லேப் சேர்ந்ததால் இன்டர்னல் 50, எண்ட் செம் 50. லேப் ரெக்கார்டு முடிக்காமல் தங்கினால் இன்டர்னலில் அடி விழும்.

மூன்றாம்_ஆண்டு_ஐடி:
ஏழில் மூன்று என்பது எனக்கு உடன்பாடில்லை. பிளேஸ்மென்ட் சீசன், லேப் அட்டெண்டன்ஸ் போய்விடும். 2 + 2 + 2 பாதுகாப்பானது.

டைம்டேபிள்_அக்கா:
ஆறாம் செமில் இரண்டு வைத்தால் ஆறு எலெக்டிவ், ஆறும் வெவ்வேறு வரிசையில் அமைய வேண்டும். அமைந்தால் தாராளமாக வைக்கலாம். பதிவு 5 முதல் 8ஆம் செம் வரை உண்டு என்றாலும் எட்டுக்குத் தள்ளாதீர்கள், அப்போது பிராஜெக்ட் இருக்கும்.

பாடத்திட்டக்_கிறுக்கன்:
பாதியில் விட்டால் வீணாகாது. முடித்த ஹானர்ஸ் பேப்பர்கள் ரெகுலர் புரொஃபஷனல் எலெக்டிவுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளப்படும். தேவைக்கு மேல் இருந்தால் அதிக கிரேடு வாங்கியவைதான் சிஜிபிஏவில் சேரும், மற்றவை கிரேடு ஷீட்டில் அச்சாகும், அவ்வளவுதான்.

உண்மையான ஆபத்து வேறு. 7.50 சிஜிபிஏவோடு எல்லாப் பாடங்களையும் முதல் முயற்சியிலேயே தேற வேண்டும். ஹானர்ஸ் பேப்பர் மட்டுமில்லை, கம்பைலர் டிசைனில் ஒரு அரியர் விழுந்தாலும் கதை முடிந்தது. கூடுதல் பேப்பரால் ரெகுலர் பாடம் ஆட்டம் காண்கிறது என்று தெரிந்தால், 5ஆம் செம் ரிசல்ட் வந்ததும் விட்டுவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செம்4_சிஎஸ்இ:
புரிந்தது. டேட்டா சயின்ஸிலிருந்து ரெகுலருக்கு எதுவும் எடுக்காமல், ஆறையும் ஃபுல் ஸ்டாக், கிளவுடிலிருந்து எடுக்கலாமா?

பாடத்திட்டக்_கிறுக்கன்:
எடுக்கலாம். கிளவுட் சர்வீசஸ் மேனேஜ்மென்ட் இரண்டு வெர்டிக்கலிலும் இருக்கிறது, இரண்டு தடவை எண்ணிவிடாதீர்கள். நியூரல் நெட்வொர்க்ஸும் அதே மூன்றாம் வரிசை, ஒரே செமில் இரண்டையும் போடவும் முடியாது. தன்னாட்சிக் கல்லூரி நண்பர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம், உங்கள் ரெகுலேஷன் தனி.