அப்பாவின் பி.டி.எச். 1,140. அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு மூன்று வருடமாக டயாலிசிஸ், வாரத்துக்கு மூன்று தடவை. போன வாரம் வந்த ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் 7.2, கால்சியம் 8.9, பி.டி.எச். (கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோன்) 1,140. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஏறக்குறைய 130 முதல் 600 வரை இருக்கலாமாம், அதையும் தாண்டிவிட்டது.

ராத்திரியெல்லாம் அரிப்பு. முதுகைச் சொறிய ஒரு பழைய சீப்பைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருக்கிறார்.

விசாரித்தால்தான் தெரிகிறது, செவலமர் மாத்திரையை, சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, மற்ற மாத்திரைகளோடு மொத்தமாக விழுங்கியிருக்கிறார். சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. சாப்பாடு போன பிறகு அது போய் என்ன செய்யும்? கவனிக்காதது எங்கள் தப்புதான். இப்போது, முதல் வாய் சோற்றோடு கொடுக்கிறோம்.

பி.டி.எச்.சைக் குறைக்கும் சினகால்செட் மாத்திரையை ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர். அது கால்சியத்தையும் இறக்கும், அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். இதை எடுத்தவர்களுக்குக் குமட்டல் எப்படி இருந்தது? ராத்திரிச் சாப்பாட்டோடு போட்டால் தாங்குமா? பி.டி.எச். இறங்க எத்தனை மாதம் ஆனது?

மருந்துக்குக் கேட்காமல் பாராதைராய்டு ஆபரேஷன் வரை போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அதற்குப் பிறகு கால்சியம் சட்டென்று விழும் என்கிறார்களே, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியிருந்தது?

டோஸ் கேட்கவில்லை, அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். உங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் போதும்.